அம்மாவின் பாத அளவு

அன்புள்ள அம்மாவுக்கு, சுகுணா வணங்கி எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? சாமை களத்துக்கு வந்துவிட்டதா?

சனி, ஞாயிறு தோழி ஏமியின் பண்ணைக்குப் போயிருந்தேன். கொட்டகையில் பார்லி குவிந்திருப்பதைப் பார்த்ததும், இந்த ஸ்காட்லாந்துக் குளிரிலும் ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டேன். "களத்துல செருப்போட ஏறாத கண்ணு" என்று நீங்கள் சொல்வது அப்படியே காதில் விழுந்தது. ஷூ கடிக்கிறதோ என்று பதறிய ஏமியின் அம்மா, காரணத்தைச் சொன்னதும் தன்னுடையதையும் கழற்றினார். பயப்படாதீர்கள், சளி பிடிக்கவில்லை.

கிளம்பும்போது எனக்குக் கம்பளி சாக்ஸ் தந்தார். உங்களுக்கும் பின்னித் தருவாராம். தாளில் பாதத்தை வைத்து, அதைச் சுற்றிலும் தம்பியைக் கோடு போடச் சொல்லித் தபாலில் அனுப்புங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. தம்பி போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிடப் போகிறான், வேண்டாம். அளவை ஏமியின் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அந்தத் தாளை நானே வைத்துக்கொள்வேன்.

உங்கள்
சுகுணா