அவரை அனுப்பியது நான்தான்

அனுப்புநர்:
கணித ஆசிரியை, ஒன்பதாம் வகுப்பு,
ஆற்றோரத் தனியார் பள்ளி,
ஆசிரியர் குடியிருப்பு, மூன்றாம் தளம், இடப்பக்கக் கடைசி வீடு.

பெறுநர்:
வேலை அனுமதி அதிகாரி அவர்கள்,
வெளிநாட்டுப் பணியாளர் அலுவலகம்.

நகல்:
வருமான வரி அலுவலகம், குடும்பச் சலுகைப் பிரிவு.

பொருள்: என் கணவர் தாமாகவே பள்ளிக்குள் நுழைந்து பாடம் நடத்தினார் என்று நான் கொடுத்த வாக்குமூலம் பொய் என்பதும், அதன்பேரில் அவரை நாட்டைவிட்டு அனுப்பும் உத்தரவை நிறுத்தக் கோருவதும், என் மீது நானே புகார் அளிப்பதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

சொந்த மொழியிலேயே மனு எழுதலாம், மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார் என்று உங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்து இதைத் தமிழில் எழுதுகிறேன். பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில் நடப்பதால் உங்கள் மொழி எனக்குக் கடைகண்ணிக்குப் போய்வரும் அளவுக்குத்தான் வரும். ஆனாலும் போன மாதம் அந்த அரைகுறை மொழியிலேயே ஒரு பொய்யைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டேன். மொழிபெயர்ப்பவருக்கு ஒரு வேண்டுகோள்: என்னைப் பற்றி எழுதியிருப்பதை எங்கும் மழுப்ப வேண்டாம்.

1. நானும் என் கணவரும் எங்கள் ஊரில் சேர்ந்து ஒரு டியூஷன் சென்டர் நடத்தி வந்தோம். பிள்ளைகளுக்கு அவர் பெரிய சார், நான் மேடம். ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் மற்றவர் அந்த வகுப்பையும் சேர்த்து எடுத்துவிடுவோம். அடுப்பில் இருப்பதை யார் வீட்டிலிருக்கிறாரோ அவர் பார்த்துக்கொள்வது போலத்தான் அதுவும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் இங்கே வந்தோம். எனக்கு ஆசிரியை என்று வேலை அனுமதி கிடைத்தது. அவருக்கும் எங்கள் மகளுக்கும் ‘சார்ந்திருப்பவர்’ என்று அச்சடித்த அட்டை கிடைத்தது. சார்ந்திருப்பவர் வேலை பார்க்கக் கூடாது என்பது எங்கள் இருவருக்கும் நன்றாகவே தெரியும். சம்பளம் வாங்காமல் செய்தாலும் அது வேலைதான் என்பதுதான் புத்தியில் ஏறவில்லை.

2. உண்மையில் யார் யாரைச் சார்ந்திருந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் விண்ணப்பம், வருமான வரிக் கணக்கு, குடும்பச் சலுகைப் படிவம் எல்லாவற்றையும் நிரப்பியவர் அவர். ‘துணைவர் வேலை செய்கிறாரா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று தம் கையாலேயே எழுதிவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் என் பக்கம் நகர்த்துவார். நான் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுக் கொடுப்பேன். இந்த மனுவில் ஏதாவது முறை தவறியிருந்தால் அதனால்தான். நானாக எழுதும் முதல் மனு இது.

மதியச் சாப்பாடும் அவர்தான் பள்ளிக்குக் கொண்டுவருவார். பிள்ளைகள் அவருக்கு ‘டிபன் சார்’ என்று பேர் வைத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டார், எனக்குத்தான் மானம் போயிற்று. கேட்டைத் தாண்டி உள்ளே வர வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று சக ஆசிரியைகள் கேட்டபோது, ஆன்லைனில் ஏதோ வியாபாரம் என்று மென்று விழுங்கினேன். ஆகவே போன மாதம் நான் அவரைக் கைவிட்டது திடீரென்று வந்த புத்தி அல்ல ஐயா. கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியிருந்தேன்.

3. சம்பவ நாளன்று எனக்குக் கடும் காய்ச்சல். எழுந்து நின்றால் சுவரெல்லாம் சுற்றியது. மறுநாள் பிள்ளைகளுக்குத் தேர்வு. என் அனுமதியோ புதுப்பிப்புக்காக உங்கள் மேசையில் இருந்தது. அந்த நேரத்தில் லீவு எடுப்பவர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் கிடைக்காது என்று பள்ளி நிர்வாகி அம்மையார் முன்பே சொல்லியிருந்தார். என் கணவர் லீவு போடச் சொன்னார். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “லீவெல்லாம் போட முடியாது. காலையில இருக்கற ரெண்டு வகுப்ப மட்டும் நீங்க எடுத்துடுங்க, மத்தியானம் நான் எப்படியாவது வந்துடறேன்.” ஏதாவது சிக்கலாகுமா என்று அவர் தயங்கினார். “சம்பளமா வாங்கப் போறீங்க?” என்று வாயை அடைத்தேன். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எங்கள் மகள் பக்கத்திலேயே ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் முகச்சவரம் செய்து, ஊரிலிருந்து கொண்டுவந்த நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். இங்கு வந்த பிறகு அவர் அவ்வளவு வேகமாகப் படியிறங்கி நான் பார்த்ததில்லை.

4. முகம் தெரிந்தவர் என்பதால் காவலாளி உள்ளே விட்டிருக்கிறார். உங்கள் ஆய்வாளர்கள் இருவர் அன்று வழக்கமான சோதனைக்கு வந்தபோது அவர் முக்கோணக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். கேட்டதும் அட்டையை எடுத்துக் கொடுத்தார், ஒளிக்கவில்லை, ஓடவில்லை. இது உங்கள் ஆய்வாளர்களின் அறிக்கையிலேயே இருக்கும். அவரை அழைத்துக்கொண்டு போனபோது பிள்ளைகள் விஷயம் புரியாமல் எழுந்து நின்று “தேங்க்யூ சார்” என்றார்களாம். அதே பள்ளியில் எதிர் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள் கதவு வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடனே நிர்வாகி அம்மையார் எனக்குப் போன் செய்து, நீங்கள்தான் அனுப்பினீர்களா என்று கேட்டார். தூங்கிக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது, அவராகவே போயிருப்பார் என்றேன். அப்படியானால் அதையே எழுதிக் கொடுத்துவிடுங்கள், எல்லோருக்கும் நல்லது என்றார் அவர். அம்மையார் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை.

5. அன்று மாலையே உங்கள் அலுவலகத்துக்கு வந்து எழுதிக் கொடுத்தேன். பிறகு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறையில் அவரை விசாரித்தார்கள். பிரிண்டர் வயர் குறுக்கே போவதால் அந்தக் கதவு முழுதாகச் சாத்தாது. என் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் அவருக்குப் படித்துக் காட்டினார். அதற்கு என் கணவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது: “ஆமாங்க, அவங்க எழுதியிருக்கறது சரிதான். நானாத்தான் போனேன். ரெண்டு வருஷமா சாக்பீஸ் தொடல, கை துறுதுறுன்னு இருந்துது. அவங்களுக்கு உடம்பு சரியில்ல, அவங்கள இதுல இழுக்காதீங்க.”

எழுந்து அந்தக் கதவைத் தள்ளியிருந்தால் போதும். நான் எழவில்லை. வெட்கமாக இருக்கிறது ஐயா. மனுவுக்குப் பொருத்தமான வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, “காய்ச்சல் விட்டுதா?” என்று மட்டும் கேட்டார். வழியில் மருந்துக்கடையில் நின்று எனக்கு மாத்திரை வாங்கினார்.

6. வரி விஷயம்: துணைவர் வேலை பார்த்தது தெரியவந்ததால் குடும்பச் சலுகை ரத்து, அவருடைய சம்பளச் சான்றை உடனே தாக்கல் செய்யவும் என்று வரி அலுவலகம் கேட்டது. சம்பளமே கொடுக்காதவருக்கு எப்படிச் சான்று கொடுப்பது என்கிறது பள்ளி. சான்று இல்லாவிட்டால் திருட்டுத்தனமாகச் சம்பளம் வாங்கியதாகத்தான் கொள்ள வேண்டும் என்கிறது உங்கள் அலுவலகத்தின் கடிதம். ஒரு காலை நேரத்து முக்கோணக் கணக்குக்காக மூன்று இடமும் அவரைப் பந்தாடுகின்றன. சலுகையாகப் பெற்றதை நான் திருப்பிக் கட்டிவிடுகிறேன். அவர் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை என்பதை மட்டும் இரண்டு அலுவலகங்களும் பதிவு செய்ய வேண்டும்.

7. உங்கள் உத்தரவுப்படி இந்த மாதக் கடைசிக்குள் அவர் கிளம்ப வேண்டும்; ஐந்து வருடங்களுக்குத் திரும்பி வரக் கூடாது. ‘பள்ளியை ஏமாற்றி நுழைந்தவர்’ என்று அவர் கோப்பில் எழுதியிருக்கிறது. ஆயுசு முழுக்கப் பாடம் நடத்தியவர், இனி எந்தப் பள்ளியில் போய் நின்றாலும் அந்த வார்த்தை கூடவே வரும்.

“அப்பாவ நீதானம்மா போகச் சொன்ன?” என்று மகள் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டு, “இல்லடா, அப்பாதான் அடம்பிடிச்சுப் போனேன்” என்றார். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து என் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் அவர் என்னை உட்கார வைத்து வரிப் படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் போன பிறகு நான் திண்டாடக் கூடாதாம். கோபமே இல்லாமல், புரியாத இடத்தை இன்னொரு தடவை சொல்லி, நன்றாகத்தான் நடத்துகிறார். நேற்று துணைவர் பற்றிய கட்டம் வந்தது. “இனிமே இங்க ஒரு கோடு போட்டுடு” என்றார். என்னால் போட முடியவில்லை. அதனால்தான் இந்த மனு.

ஆகவே, நான் கொடுத்த வாக்குமூலத்தைப் பொய் என்று பதிந்து, அவர் மீதான உத்தரவை நிறுத்துமாறு வேண்டுகிறேன். அனுப்பியவளும் நான், பொய் சொன்னவளும் நான். தண்டனை எனக்கு உரியது. என் அனுமதி ரத்தானால் அவர்கள் அட்டைகளும் செல்லாது, மூவரும் ஒன்றாகக் கிளம்ப வேண்டியிருக்கும் என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன். அனுமதியின்றிப் பாடம் நடத்தியவர் என்று அவர் கோப்பில் இருக்கட்டும், அது உண்மை. ஏமாற்றியவர் என்ற வார்த்தையை மட்டும் அங்கிருந்து எடுத்து என் கோப்பில் வையுங்கள்.

இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கூப்பிட்டுக் கேட்டால், தானாகவே போனதாகத்தான் மறுபடியும் சொல்வார். தயவுசெய்து நம்ப வேண்டாம். விசாரணையின்போது எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, யார் அனுப்பியது என்ற கேள்வியை முதலில் என்னிடம் கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வீட்டில் அதை அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

இடம்: ஆசிரியர் குடியிருப்பு
நாள்: 11-10-2023

தங்கள் விசாரணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மனுதாரரும் எதிர் மனுதாரரும் ஆகிய கணித ஆசிரியை