பச்சை காட்டாதே என்றாய்

என் செல்லத் தம்பி ரூபன்,

அஜின்கோர்ட் வீட்டிலிருந்து இப்போது தனியாகத்தான் கார் ஓட்டி வேலைக்குப் போகிறேன். பக்கத்து சீட்டில் நித்திரை கொள்ள நீ இல்லை. மிசிசாகா அலுவலகத்தில் உன் குளிர்ச்சட்டை இன்னும் கதிரையில் தொங்குகிறது. எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை. காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் இப்படியா செய்வாய்?

நாம் சேர்ந்து செய்த கண்காணிப்புக் கணினித் திரை நன்றாக வேலை செய்கிறது. மருந்து வைக்கும் குளிர் அறை ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன அடையாளம். எல்லாம் சரியென்றால் பச்சை வட்டம், கவனிக்க வேண்டுமென்றால் மஞ்சள் முக்கோணம், யாராவது எழும்பி ஓட வேண்டுமென்றால் மட்டும் சிவப்புச் சதுரம். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு வடிவமாவது சொல்லட்டும் என்று நான் வரைந்தேன். நான்காவது அடையாளத்துக்காக நீ என்னோடு எவ்வளவு சண்டை பிடித்தாய்!

"அறையிலயிருந்து தகவலே வரேல்லை. பிறகெப்பிடி அக்கா பச்சை காட்டுறாய்?"

"கடைசியா வந்த செய்தி நல்லதுதானேடா."

"அது அப்ப. இப்ப என்னெண்டு உனக்குத் தெரியுமோ? தெரியாட்டி, தெரியாதெண்டு காட்டு."

அப்படித்தான் சாம்பல் நிற வெற்று வட்டம் வந்தது, அடியில் கடைசியாகத் தகவல் வந்த நேரத்தோடு.

போன கிழமை ஒரு வாடிக்கையாளர் அதை எடுக்கச் சொன்னார். சாம்பலைக் கண்டால் மேலிடம் பயப்படுகிறதாம், பச்சையாகவே இருக்கட்டுமாம். முடியாது என்றுவிட்டேன். பொய்ப் பச்சையை நம்பினால் ஒருவரும் கதவைத் திறந்து பார்க்க மாட்டார்கள், உள்ளே மருந்து பழுதாகிக் கிடக்கும் என்றேன். எனக்குப் பெரிய வாய்தான், என்ன?

அன்று காலையும் உன் போனிலிருந்து அம்மாவுக்குப் பூப்படம் அனுப்பியது நான். 'இனிய காலை வணக்கம்' என்று நீ தினமும் அனுப்புவாயே, அதே மாதிரி. நீ போய்விட்டாய் என்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. "ஒப்பரேசன் செய்த நெஞ்சு, தாங்காது. பிறகு சொல்லுவம்" என்றார் மாமா. எல்லோரும் தலையாட்டினோம். அந்தப் பிறகு வரவேயில்லை. நீ வேறு மாகாணத்தில் வேலையாக இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறோம்.

நேற்று அம்மா எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி பூ அனுப்புறான் பிள்ளை, ஆனா கதைக்கிறானில்லை. என்னோடை கோவமோ?"

"சீ, இல்லையம்மா. அவனுக்கு வேலை கூடிப்போச்சு."

"ஏசவேணுமெண்டாலும் எடுத்து ஏசட்டும். நான் ஒண்டும் நினைக்கமாட்டன் எண்டு அவனிட்டைச் சொல்லு."

வெட்கமாக இருந்ததடா. அம்மாவைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவரோ பெற்ற பிள்ளை தன்னை வெறுத்துவிட்டான் என்று அங்கே இருந்து அழுகிறார். இதைவிடச் செத்த செய்தி பெரிதா? நீ இருந்தால் உன்னிடம்தான் கேட்டிருப்பேன்.

உன் போனை அணைத்துவிட்டேன். பயணச்சீட்டும் எடுத்தாயிற்று. அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு, என் வாயால் சொல்வேன். கடைசியாக என்ன சாப்பிட்டவன் என்றுதான் அம்மா முதலில் கேட்பார். நீ ஒன்றுமே சாப்பிடவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன், இது சத்தியம்.

உன் ஒரே அக்கா,
சுமதி