இரண்டு முழம் தள்ளி விழுந்த கிணறு

அண்ணாச்சி,

இன்று காலை சாரலோடு வெடிமருந்து வாசனை வந்தது. தெற்கே யாரோ புதுக் கிணறு தோண்டுகிறார்கள். மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெடிச் சத்தம் அதற்கு முன்பே அடங்கியிருந்தது. வாசனைக்குக் காதைப் பொத்தும் ஆளைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள்.

உங்களுக்குக் கடையம், எனக்கு மேலகரம். நாம் பழகியது பர்மாவில், பட்டாளத்தின் சாலை வெட்டும் பிரிவில். பாறையை உடைப்பது உங்கள் வேலை, உடைந்த கல்லைச் சுமப்பது என் வேலை. சண்டை முடிந்து ஊர் திரும்பியதும், பட்டாளத்துக்காரர்கள் திருத்திப் பயிர் செய்ய மலையடிவாரத்துத் தரிசைச் சர்க்கார் பிரித்துக் கொடுத்தது. நமக்கு அடுத்தடுத்த நிலம் விழுந்தது. இரண்டு வருஷத்துக்குள் கிணறு வெட்டிப் பயிரைக் காட்ட வேண்டும். காட்டாதவன் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

நிலம் என்பது பெயருக்குத்தான். உடைமுள்ளும் கள்ளியும் பாறையும். கல்லைப் புரட்டினால் தேள். முதல் வருஷம் பாதி முள் வெட்டுவதிலேயே போயிற்று. உங்கள் உள்ளங்கையில் ஒரு முள் ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. மதினி ஊசி வைத்துக் கிளறியும் வரவில்லை. "கெடக்கட்டும், அதுவும் நம்ம நெலத்துல வெளஞ்சதுதான" என்றீர்கள்.

ஆளுக்கொரு கிணறு வெட்ட நம்மிடம் தெம்பு இல்லை. இரண்டு நிலத்துக்கும் நடுவில் ஒன்று போதும் என்று நீங்கள்தான் இடம் பார்த்தீர்கள். துளை போட்டு மருந்து திணித்ததும் நீங்கள்தான். எனக்குத் திரியைப் பார்த்தாலே பயம். "ஏலே, திரி பத்துனதும் ஓடாத. நடந்து வா. ஓடுதவன்தான் கல்லு தட்டி விழுதான்" என்பீர்கள். நீங்கள் நடந்துதான் வருவீர்கள். அதற்குள் நான் ஓடையைத் தாண்டியிருப்பேன்.

நாலு ஆள் ஆழத்தில் ஊற்றுக் கண்டது. சேறும் தண்ணீருமாக இரண்டு கையிலும் அள்ளி, முதலில் எனக்குத்தான் குடிக்கக் கொடுத்தீர்கள்.

பிறகுதான் அளக்க வந்தார்கள். சங்கிலி பிடித்து எல்லைக்கல் நட்டபோது கிணறு என் பக்கம் இரண்டு முழம் தள்ளி விழுந்தது. நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். "கல்ல எங்கன நட்டா என்னலே? தண்ணி ரெண்டு பேருக்குந்தான" என்று சொல்லிவிட்டு வாய்க்கால் வெட்டப் போய்விட்டீர்கள்.

அதிகாரி பார்வையிட வருவதற்கு முந்தின நாள், தென்காசியில் டீக்கடையில் ஒருவர் சொன்னார். "பொதுக் கெணறுன்னு சொன்னா ரெண்டு பேரு நெலமும் போயிரும். ஆளுக்கொண்ணு இருக்கணுமாம்." அவர் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. உங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், "உள்ளதச் சொல்லுவோம், போனா ரெண்டும் போட்டும்" என்பீர்கள் என்று தெரியும். அதனால் சொல்லவில்லை.

மறுநாள் அதிகாரி கிணற்று மேட்டில் நின்று கேட்டார். "இது யார் கிணறு?"

கிணறு என் எல்லைக்குள் இருந்ததால் நான் பதில் சொல்வதுதான் முறை என்று நீங்கள் எனக்கு விட்டுவிட்டீர்கள்.

"என்னோடது, ஐயா" என்றேன்.

அவர் உங்கள் பக்கம் திரும்பினார். "அப்ப உனக்குத் தண்ணி?"

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். நீங்கள் என்னை ஒரு முறை பார்த்தீர்கள். ஏன் என்று கேட்கும் பார்வை. பிறகு அவரிடம், "அவன் கெணறுதான், ஐயா. எனக்குக் கெடையாது" என்றீர்கள். அத்தனை பேர் முன்னால் நான் பொய்யன் ஆகிவிடக் கூடாது என்று.

நாலு நிலம் தள்ளி மூன்று பேர் பொதுக் கிணறு என்று உண்மையைச் சொன்னார்கள். மூவருக்கும் நிலம் நிலைத்தது. அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதிகாரி இன்னும் இரண்டு நாள் குற்றாலத்தில்தான் தங்கியிருந்தார். நடந்தே போய்விடலாம். போனால், பொய் சொன்னதற்காக என் நிலத்தைப் பிடுங்கிவிடுவாரோ என்று பயம். போகவில்லை.

உங்கள் நிலக்கடலை பூத்திருந்தபோது நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். கல்குவாரி வேலைக்குப் புறப்பட்ட அன்று, உங்கள் பக்கம் போகிற வாய்க்காலை நீங்களே மண் போட்டு அடைத்தீர்கள். "தண்ணி வீணாப் போகும்லா" என்றீர்கள். என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

எட்டு மாதம் கழிந்தது. வைத்த வெடி ஒன்று வெடிக்கவில்லை என்று மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நீங்களே பார்க்கப் போனீர்களாம். நான் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. மதினி என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"அவிய ஒங்கள ஒரு சொல்லு சொல்லல. நான் ஏசுனாக்கூட வாய மூடுன்னுதான் சொன்னாவ. நீங்க இங்கன நிக்காதீங்க."

அதன்பின், பக்கத்தில் தண்ணீர் உள்ளவன் என்று, உங்கள் நிலத்தையும் எடுத்துக்கொள்கிறாயா என்று சர்க்காரிலிருந்து என்னைக் கேட்டனுப்பினார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் புறப்பட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன். நான் எடுக்காவிட்டால் வேறு எவனாவது எடுப்பான் என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். நிலத்தை மதினியிடம் கொடுத்துவிடலாமே என்று வீட்டுப் படி ஏறும்போது தோன்றியது. மறுநாளும் தோன்றியது. அதற்கப்புறம் தோன்றவில்லை.

மதினிக்குப் பிறந்த ஊர் மேலகரம்தானே. இப்போது அங்கேதான் இருக்கிறார். இந்த ஆடியில் களை எடுக்க ஆள் கூப்பிட்டபோது, வந்த பெண்களோடு அவரும் வந்து நின்றார். உங்கள் நிலத்தில்தான் களை. நான் வரப்பிலேயே நின்றேன். அவர் குனிந்து வேலையைத் தொடங்கிவிட்டார்.

நமக்குக் கஞ்சி கொண்டுவந்த நாட்களில் என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். அன்று ஒரு பாத்தி முடிந்ததும் நிமிர்ந்து, "மொதலாளி, அடுத்து எந்தப் பாத்தி?" என்றார்.

குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. மற்றப் பெண்கள் கூப்பிடுவது போலவே கூப்பிட்டார்.

தினமும் வருகிறார். தினமும் அப்படித்தான் கூப்பிடுகிறார். நான் திரும்பிப் பார்க்கிறேன், அண்ணாச்சி. எந்தப் பாத்தி என்று கையைக் காட்டுகிறேன்.