பழைய லேப்டாப்பும் என் லீவும்

அன்புச் சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நானும் என் முழங்கால் வலியும் இங்கே சௌக்கியம், நீயும் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் அந்தப் போக்கிரியும் சௌக்கியமா என்று உடனே எழுது. கால் வீக்கம் வடிந்ததா, டாக்டரம்மா சொன்ன தேதி அதேதானா. மாப்பிள்ளை கப்பலை விட்டு இறங்க இன்னும் மூன்று மாதம் ஆகும், பிரசவத்துக்குத் துணைக்கு வாம்மா என்று நீ மூன்று தரம் எழுதினாய், நானும் மூன்று தரம் முதலாளி லீவு தரவில்லை என்றே பதில் போட்டேன்.

அந்தக் கதையை இன்று முழுசாகச் சொல்கிறேன், திட்டாமல் படி. எங்கள் கடையில் மூக்குக்கண்ணாடி லென்ஸ் வெட்டும் மெஷினை ஓட்டுவது அந்தப் பழைய லேப்டாப்தான், செங்கல் கனம், பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது, ஒயரைப் பிடுங்கினால் அதோடு சரி. அதன் பக்கவாட்டு இடுக்கில் ஒரு கார்டைச் செருகினால்தான் மெஷின் அசையும், இப்போது வரும் லேப்டாப்பில் அந்த இடுக்கே கிடையாது, கார்டும் எங்கேயும் கிடைப்பதில்லை. இருக்கிற ஒரு கார்டும் ஆட்டம் கண்டுவிட்டது, மாத்திரை அட்டையில் துண்டு நறுக்கி அடியில் கொடுத்தால்தான் ஒழுங்காக உட்காரும், எத்தனை துண்டு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீங்க இல்லேன்னா கடைக்குப் பூட்டுதாம்மா என்பார் முதலாளி, எனக்கும் உச்சி குளிர்ந்துவிடும். அப்படியே வசமாக மாட்டிக்கொண்டேன், காய்ச்சல் என்று ஒரு நாள் படுக்கக்கூட முடியவில்லை. காலையில் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் லேப்டாப் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும், மெமரி சரி, கீபோர்டு சரி என்று வரிசையாக வரும். ஒரு மாதமாக ஹார்டு டிஸ்க் மட்டும் சிவப்பு எழுத்தில் ஃபெயில். யார் கண்ணிலும் படுவதற்குள் அணைத்து மறுபடி சாதாரணமாகப் போட்டுவிடுவேன், எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. சொன்னால் அதோடு சேர்த்து என்னையும் ஓரங்கட்டிவிடுவார்களோ என்று பயம்.

நேற்று முதலாளி சீக்கிரமே வந்து என் பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பதறுவார் என்று நினைத்தால் மனுஷன் சிரிக்கிறார். ஏம்மா, மக நிறைமாசமா இருக்கா, இதுக்காகவா போகாம இருக்கீங்க, லேப்டாப்பே வேண்டாத புது மெஷின் வாங்கி ரெண்டு வருஷமாச்சு, குடோன்ல பெட்டி பிரிக்காமக் கிடக்கு, நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சும்மா இருந்தேன் என்றார். லீவு கேட்டேன், அந்த நிமிஷமே கொடுத்துவிட்டார். இதற்கு முன் நான் கேட்டதே இல்லை குட்டி. உனக்கு எழுதியதெல்லாம் பொய், மன்னித்துக்கொள்.

வீட்டுக்கு வந்து பெட்டியில் புடவைகளை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். சொல்லிக்கொள்ள இனி ஒரு சாக்கும் இல்லை. உன் ஊர்ப் பாஷை எனக்குத் தெரியாது, அடுப்பு மூட்டக்கூட நீதான் காட்ட வேண்டும், ஒன்றுக்கும் ஆகாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேனோ என்று இப்போதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனாலும் வருகிறேன், பன்னிரண்டாம் தேதி காலையில் இறங்குவேன். அதுவரை படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு, இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. நல்லபடியாகப் பெற்றெடுத்துத் தாயும் பிள்ளையுமாக நூறு வருஷம் இருக்க வேண்டும். நான் வந்ததும் உட்காரும்மா, ஓய்வெடு என்று மட்டும் சொல்லிவிடாதே. ஏதாவது வேலை கொடு.

ஆசிகளுடன்,
உன் அம்மா