விடச் சொன்ன பதினான்கு வினாக்கள்

அனுப்புநர்:
பதிவு எண் 40718,
தொலைபேசி இயக்குபவர்,
பொது மருத்துவமனை.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு அலுவலகம்.

பொருள்: எனக்கு ஒதுக்கப்பட்ட இடத்தைத் திருப்பி ஒப்படைத்தல் – நுழைவுத் தேர்வை மீண்டும் எழுத அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் இட ஒதுக்கீட்டு ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வயது முப்பத்து நான்கு. பத்தொன்பதாம் வயதில் ஒரு காய்ச்சலுக்குப் பின் பார்வையை முற்றிலும் இழந்தேன். பதினோரு ஆண்டுகளாக மேற்கண்ட மருத்துவமனையின் தொலைபேசி அறையில் பணிபுரிகிறேன். நாளொன்றுக்கு நானூறு பேரின் குரல் என் காது வழியாகப் போகிறது. பெரும்பாலோர் என்னிடம் சொல்வது வார்டு எண்ணை மட்டுமே. ஒருமுறை, இறந்துபோன கணவரின் உடலைப் பெற யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒரு பெண் என்னிடமே கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இணைப்பை ஒவ்வோர் அறையாக மாற்றினேன். நான்காவது அறைக்கு மாற்றும்போது அவர் வைத்துவிட்டார். சட்டம் படிக்கும் எண்ணம் எனக்கு அன்றுதான் வந்தது.

2. இரண்டாண்டுகள் பாடங்களை ஒலிப்பதிவாகக் கேட்டுத் தயாரானேன். நான் சொல்வதை எழுதப் பயிற்சி பெற்ற ஒருவரைத் தருவதாகவும், தேர்வுக்கு முதல் நாளே அவரைச் சந்திக்க வைப்பதாகவும் தங்கள் அலுவலகம் எழுத்து மூலம் தெரிவித்திருந்தது. முதல் நாள் யாரும் வரவில்லை. தேர்வன்று மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில், மையத்தின் நூலகத்தில் பணிபுரியும் அம்மையார் ஒருவரை அழைத்துவந்து என் அருகில் உட்கார வைத்தனர். தனக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை என்று அவரே என்னிடம் கூறினார்.

3. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் என்பதால், உறுதியில்லாத பதினான்கு வினாக்களை விட்டுவிடும்படி சொன்னேன். நேரம் மிஞ்சினால் திரும்பி வருவதற்காக அவற்றின் எண்களைப் பிரெய்லியில் குத்தி வைத்துக்கொண்டேன். நேரம் மிஞ்சவில்லை. எழுந்தபோது அந்த அம்மையார் என் கையைப் பிடித்து, "நல்லபடியா வரும் தம்பி, கவலைப்படாதீங்க" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

4. நான் தேர்ச்சி பெற்றேன். மருத்துவமனையில் அன்று முதல் என்னை எல்லோரும் "வக்கீல் சார்" என்றே அழைக்கிறார்கள்.

5. தங்கள் இணையதளத்தில் விடைத்தாளின் நகல் வெளியானதும், என் அக்காவைப் படிக்கச் சொன்னேன். நான் விட்ட முதல் வினாவின் எண்ணைச் சொன்னேன். அவர் விடையைப் படிக்காமல், "எல்லாம் சரியாத்தான் இருக்குடா" என்று மூடிவிட்டார். மறுநாள் நகலெடுக்கும் கடைக்குப் போய், அங்கிருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் நூற்றிருபது விடைகளையும் வாசிக்கக் கேட்டேன். பொறுமையாக வாசித்தார். பதினான்கு இடத்திலும் விடை குறிக்கப்பட்டிருந்தது. வெளியான விடைக்குறிப்பின்படி அவற்றில் பதினொன்று சரி. அவை இல்லாவிட்டால் நான் தேர்ச்சிக் கோட்டுக்குக் கீழே போய்விடுவேன். இன்னொரு வினாவுக்கு நான் சரியான விடை சொல்லியிருந்தும், தவறானது குறிக்கப்பட்டிருந்தது. ஆகவே என் உண்மையான மதிப்பெண் எது என்று கேட்டால், என்னால் சொல்ல முடியாது.

6. வீட்டில் இதைச் சொன்னேன். "நீயா சொல்லலைன்னா யாருக்குடா தெரியப் போகுது?" என்று அக்கா கேட்டார். "எனக்குத் தெரியுதேக்கா" என்றேன். "உனக்குன்னு ஒரு கதவு தொறக்குது, அதையும் நீயே சாத்துற" என்று அக்காவின் கணவரான மாமா சொன்னார். அதன்பின் அவர் என்னிடம் பேசுவதில்லை. அக்கா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, வைத்தேன் என்றுகூடச் சொல்லாமல் போகிறார். அவர்கள் என் கெடுதலுக்குச் சொல்லவில்லை. சேர்க்கைக்கான வயது வரம்பு முப்பத்தைந்து என்பதை அவர்களும் அறிவார்கள்.

7. முடிவெடுக்க எனக்குப் பத்தொன்பது நாட்கள் ஆயின. அதை மறைக்க விரும்பவில்லை. பத்துப் பதினைந்து முறை எனக்குச் சாதகமாகவே வாதாடிப் பார்த்தேன். முறையாக ஆள் தராதது அலுவலகத்தின் தவறுதானே என்றும், ஓர் ஆளின் இரக்கத்தை நான் ஏன் சுமக்க வேண்டும் என்றும் எண்ணினேன். சென்ற வாரம் விடுப்பெடுத்து அந்தச் சட்டக் கல்லூரிக்கே போனேன். ஒரு வகுப்பறையின் வெளிச்சுவரில் சாய்ந்து அரைமணி நேரம் பாடம் கேட்டேன். நடத்தியதெல்லாம் எனக்குப் புரிந்தது. அது புரியாமல் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். திரும்பும்போது வாயிற்காவலர், "என்ன சார், இடம் கெடச்சிடுச்சா?" என்று இயல்பாகக் கேட்டார். அவருக்கு வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பேருந்தில் வீடு வரும் வரை அந்தக் கேள்விக்கு ஒரு பதில் தேடினேன். வந்ததும் இம்மனுவைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன்.

8. மீண்டும் எழுதினால் தேர்ச்சி பெறுவேன் என்று உறுதி கூற இயலாது. நானே வைத்துக்கொண்ட ஐந்து மாதிரித் தேர்வுகளில் மூன்றில் தவறியிருக்கிறேன்.

ஆகவே ஐயா அவர்கள்,

இணைத்துள்ள ஒதுக்கீட்டு ஆணையின் அசலைப் பெற்றுக்கொண்டு, அந்த இடத்தைக் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு வழங்குமாறும்;

வயது வரம்பு முடியுமுன் தேர்வை மீண்டும் எழுத என்னை அனுமதித்து, குறிக்கும் ஒவ்வொரு விடையையும் எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டுமாறு அறிவுறுத்தப்பட்ட ஒருவரை அமர்த்துமாறும்;

நூலக அம்மையார் மீது நடவடிக்கை எதுவும் எடுக்காதிருக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். அது எனக்கு வருத்தம் தந்தாலும், அதை அவர்மேல் குற்றமாகச் சுமத்த மனம் வரவில்லை.

வினா எண்கள் குத்திய பிரெய்லித் தாளையும் இணைத்துள்ளேன். அதன்மேல் கனமான கோப்பு எதையும் வைக்க வேண்டாம், புள்ளிகள் அமுங்கிவிடும்.

விரல்ரேகை வைத்தால் போதும் என்று அலுவலகங்களில் என்னிடம் சொல்வதுண்டு. கீழே இருப்பது என் கையொப்பம். கோட்டை விட்டு விலகியிருந்தால் பொறுத்தருளவும். வரி எங்கே என்று காட்டும்படி யாரையும் கேட்கவில்லை.

இடம்: தொலைபேசி அறை, பொது மருத்துவமனை
நாள்: ஜூன் 18

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
பதிவு எண் 40718

இணைப்பு: 1. இட ஒதுக்கீட்டு ஆணை (அசல்) 2. பிரெய்லித் தாள் ஒன்று