பெயின்டுக்கு மட்டும்

பிப்ரவரி 8, சனி

விடிந்ததுமே காரைக் கழுவ ஆரம்பித்தேன். வெயில் ஏறிவிட்டால் பானட்டில் கை வைக்க முடியாது, பாலிஷ் தேய்ப்பதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு முறை சோப்பு போட்டும் வெள்ளைக் கதவில் ஆலைத் தூசியின் ஆரஞ்சுப் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன, அம்மை போட்டது போல.

இந்தக் கார் நல்ல விலைக்குப் போனால்தான் தெற்கே ஒரு வாடகை வீட்டுக்கு முன்பணம். எங்கள் வீட்டை எவனும் வாங்க மாட்டான். உருக்காலை வேலியிலிருந்து மூன்றாவது தெரு. போன குளிர்காலத்தில் மூச்சுத் திணறிய மகள் ஹேசலைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆறு வயதுதான். அடுத்த குளிர்காலக் காற்று தொடங்குவதற்குள் அவளை இங்கிருந்து கொண்டுபோய்விட வேண்டும்.

பிப்ரவரி 9

ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பெயின்டைத் தடவினால், வெறும் விரலுக்குத் தெரியாத மணலும் தெரியும். ஹேசலும் ஒரு பையை மாட்டிக்கொண்டாள். "அப்பா, இங்க கரகரங்குது. இங்கயும். எல்லா இடத்துலயும் கரகரங்குதுப்பா."

பிப்ரவரி 15, சனி

இரும்புத்தூளைக் கரைக்கிற மருந்து அடித்தேன். நிழல் வேண்டும் என்று ஷெட்டுக்குள் வைத்து, காற்றுக்கு மருந்து பறக்கும் என்று கதவையும் இறக்கிவிட்டு. என்ன புத்தி எனக்கு?

தெளித்த இடமெல்லாம் ஊதா நிறமாக ஒழுகியது. அத்தனையும் நான் வேலை செய்கிற உருக்காலை யார்டின் இரும்பு. ஒரு கதவிலேயே இவ்வளவு என்றால் அவளுக்குள்— நினைத்துக்கொண்டே நின்றேன். அவள் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. "கார் அழுவுதுப்பா" என்றாள். அப்புறம் இருமல். அழுகின முட்டை நாற்றம் ஷெட் முழுக்க. இன்ஹேலர் போட்டும் நிற்கவில்லை. உதடு நீலம்.

ஆஸ்பத்திரியில் மனைவி ரெனே சொன்னது: "கம்பெனி செய்றது பத்தாதுன்னு நீயும் சேந்துக்கிட்டியா?"

பிப்ரவரி 17

ஹேசல் வீட்டுக்கு வந்துவிட்டாள். ரெனே என்னோடு பேசுவதில்லை.

மார்ச் 1, சனி

பெயின்டில் ஒட்டிய தூசியை இழுக்கிற களிமண் கட்டியால் தேய்த்தேன், பாலிஷ், மெழுகு, எல்லாம் முடித்தேன். வெளியில் வைத்துத்தான். தோள் கழன்றுவிட்டது. நகரத்திலிருந்து ஒரு ஆள் வாங்க வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கதவின் கீழ்விளிம்பைப் பார்த்தார்.

"உருக்காலை ஊர் வண்டியா?"

"கராஜ்லயேதான் நிக்கும்."

"கராஜ்ல நின்னாலும் அது மூச்சு விடுமில்ல தம்பி. பெயின்டுக்குள்ளயே எறங்கிருக்கு பாரு. சாரி."

மூச்சு விடுமாம். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மார்ச் 4

ரெனே வாயைத் திறந்தாள். "கம்பெனிகிட்டயே கேளு." நான் சம்பளம் வாங்குகிற இடமாயிற்றே என்றேன். "அவங்க தூசியத் திங்கிறதுக்கும் சம்பளம் குடுக்குறாங்களா?"

மார்ச் 12, புதன்

நான் எழுதிப் போட்டதற்குக் கம்பெனியிலிருந்து கெர்ரி வந்தாள். எங்கள் தெருக்களின் புகார்களைக் கவனிப்பதுதான் அவள் வேலை.

"மாசாமாசம் வாட்டர் வாஷ் கூப்பன் அனுப்புறோமே ட்ராய், யூஸ் பண்ணலையா?"

"பண்ணேன். போகல."

உட்கார்ந்து, குனிந்து, ஒவ்வொரு கதவாகப் போட்டோ எடுத்தாள். ஒரு வார்த்தை வாக்குவாதம் இல்லை. "இது எங்க தூசிதான். நாங்களே சரி பண்ணித் தர்றோம், இலவசமா." உள்ளே ஹேசல் இருமினாள்.

"அப்ப இதுக்கு?"

"அது சுகாதாரத் துறை. எங்களது பெயின்டுக்கு மட்டும்தான்."

"கார் மேல விழுறது உங்க தூசி. பிள்ளைக்குள்ள போறது யாருது?"

அவள் போனைப் பைக்குள் வைத்தாள். "என் பையனும் இருமிக்கிட்டுதான் இருக்கான் ட்ராய். என்னைக் கேக்காத."

கத்த வேண்டும் என்று இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

மார்ச் 29

கார் வந்தது. மூன்று பேர் மெஷின் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள், மேலே செராமிக் பூச்சு. சில வருஷங்களுக்கு ஒரு துகள் ஒட்டாதாம். கதவில் என் முகம் தெரிந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை.

நான் சாவி கொடுத்த அதே வாரம் வேலைக்கு எடுத்துச் செய்திருக்கிறார்கள். ஹேசலுக்கு நுரையீரல் டாக்டரைப் பார்க்க நாங்கள் எட்டு மாதமாக வரிசையில் நிற்கிறோம்.

ஏப்ரல் 5

முன்பு வேண்டாம் என்று போன அதே நகரத்து ஆள் வாங்கிக்கொண்டு போனார். தடவித் தடவிப் பார்த்தார். "இப்பதான்யா இது கார்."

ஜூன் 1, ஞாயிறு

தெற்கே வந்து ஆறு வாரம். கடல்காற்று, சுத்தமான தெரு. கிடைத்தது ஒரு பழைய நீல வண்டி. மெழுகு வாங்கவில்லை, வாங்கவும் போவதில்லை. ஆனாலும் பழக்க தோஷம், காலையில் ரொட்டிப் பையை மாட்டிக்கொண்டு கூரையைத் தடவினேன். நிறம் வெளுத்துப்போன வண்டி, ஒரு துகள் கூட இல்லை.

ஹேசல் ஓடி வந்து சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாள். "என்னையும் பாருப்பா."

பையோடு கையை வைத்தேன். "மூச்சை இழு" என்றேன். இழுத்தாள். விட்டாள். பிளாஸ்டிக்குக்கு அடியில், உள்ளங்கை முழுக்க, அதே கரகரப்பு.

"எப்டிப்பா இருக்கு?"

"வழவழன்னு இருக்குடா."