வீணையைப் பின்னால் வைத்து வரும்போது

18-2-67, சனி காலை

நான் பள்ளிக்கூட விழாவுக்கு நடந்தே கிளம்பிவிட்டேன். மோட்டார் சைக்கிளில் இனி ஏறமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். நீங்களும் உங்கள் தம்பி ஜெயராமனும் வீணையைக் கொண்டுவந்துவிடுங்கள்.

இட்லி மூடி வைத்திருக்கிறேன். சாவியைப் பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

தந்திகளைத் தளர்த்தியிருக்கிறேன், முறுக்கவேண்டாம். பழைய ஜமக்காளத்தைச் சுற்றி, தம்பியைப் பின்னால் உட்காரவைத்து, வீணையின் குடத்தை அவர் மடியில் கொடுங்கள். மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு நாலு நாள் கப்பலில் கீறல் படாமல் வந்த வீணை. மழை தூறினால் ஒதுங்கி நில்லுங்கள். விழா தாமதமானால் ஆகட்டும்.

டெய்ரி ஃபார்ம் இறக்கத்தில் அந்தப் பள்ளத்தை இன்னும் மூடவில்லை. அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து வீணையைத் தொடவில்லை என்று வருத்தப்பட்டீர்களே, இன்று வாசிக்கிறேன். கோபமா என்று கேட்டீர்கள். அதுகூட வரவில்லை.

கமலாட்சி

மறந்துவிட்டேன்: தம்பியின் இரண்டு கையும் வீணையில் இருக்கும், உங்களைப் பிடித்துக்கொள்ள முடியாது. அன்றைக்கு ஐந்து மாத வயிற்றோடு என்னை ஏற்றிக்கொண்டு, "ஜல்தி போகணும், கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றீர்கள்.

பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.